இராணியின் காணியில் இருபத்துமூன்று நாள்

1

ஊரில் என்னைப் பற்றி ஒரு கதை உலாவுகிறதாம். கனடாவுக்குப் போனவன் வீடு வாசல் இல்லாமல் காட்டில் குந்தியிருக்கிறான் என்று. குருநகரில் இருக்கும் அண்ணை எழுதியிருக்கிறார். கடிதம் இங்கே வந்து சேர நான்கு மாதம். கதை அங்கே போய்ச் சேர நான்கு நாள்கூட எடுத்திராது. என் மனைவியின் அக்கா வீட்டில் தொலைபேசி இருக்கிறது.

அண்ணையின் கடிதத்தில் ஒரு வரி. "தம்பி, உண்மையே? உண்மையெண்டால் ஒளிக்காமல் எழுது. பங்குச் சுவாமியும் கேட்டவர்."

உண்மைதான். இருந்தேன். நான் மட்டுமில்லை, மனைவி ரெஜினாவும் மகள் ஜெனியும். போன வருடம் ஓகஸ்ட் மாதம். ஆனால் குந்தியிருக்கவில்லை. அங்கே நிறைய வேலை இருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். ஆளுக்கொரு கடிதம் எழுதக் கை வராது. ஆகவே ஒன்றாக எழுதுகிறேன். அண்ணை வாசித்துவிட்டு வாசிகசாலையில் வைக்கட்டும். கதைக்கிறவர்கள் சரியாகத் தெரிந்துகொண்டு கதைக்கட்டும்.

2

இங்கே வீடு மாறுவது முதலாம் திகதியில்தான். நாங்கள் இருந்த அப்பார்ட்மென்ட் யூலை முடிவோடு சரி. புதியது செப்ரெம்பர் முதலாம் திகதிதான் கிடைக்கும். நடுவில் ஒரு மாதம் எங்களுக்கு விலாசம் இல்லை.

ரெஜினா உடனே வழி சொன்னாள்.

"அக்கா வீட்டை போவம். பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு."

அக்காவின் கணவர் எனக்குச் சகலன். நல்ல மனிதர். எண்பத்தேழில் நாங்கள் வந்து இறங்கியபோது அந்த நிலவறையில்தான் ஏழு மாதம் வைத்திருந்தார். சோறு தந்தார். குளிருக்கு அங்கி தந்தார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு கடதாசியும் ஒட்டினார். யார் எத்தனை மணிக்குக் குளிப்பது, எத்தனை நிமிடம் என்று அதில் இருந்தது. எனக்கு ஆறு நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் மேலே நின்று காலால் தட்டுவார். கடலில் வளர்ந்தவன் நான். தண்ணீருக்குப் பயந்தது அந்த ஏழு மாதம்தான்.

"நான் வரேல்லை," என்றேன்.

"அப்ப எங்கை இருக்கிறது? றோட்டிலையே?"

நான் வேலை செய்யும் தொழிற்சாலையும் அந்த மாதம் பூட்டு. இயந்திரம் மாற்றுகிறார்களாம். கடைசி நாள் என்னோடு பெட்டி தூக்கும் ஒரு வெள்ளைக்காரனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். வடக்கே நாலு மணித்தியாலம் ஓடினால் காடு, ஏரி. அரசாங்கக் காணி. இராணியின் காணி என்றுதான் அவன் சொன்னான். இந்த மாகாணத்தில் இருக்கிறவன் யாரும் கூடாரம் போடலாம். வாடகை இல்லை. ஓர் இடத்தில் இருபத்தொரு நாள். அதற்கு மேல் எழும்பவேண்டும்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஊரில் பழைய ஆட்கள் அரசாங்கக் காணியை முடிக்குரிய காணி என்பார்கள். இராணி போய் ஜனாதிபதி வந்த பிறகும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தக் காணியில் குந்தி எழும்பிப் பழகியவன் நான். நாளுக்கு ஓர் எல்லை வைத்தால் அதை எப்படி நீட்டுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.

சாமான்களைச் சிநேகிதன் ஒருவனின் கராஜில் போட்டோம். ஒரு கூடாரம், ஒரு நீலத் தறப்பாள், அரிசி, மிளகாய்த்தூள். வெளிக்கிட்டோம். ஏரியைக் கண்டதும் ரெஜினா ஒன்று சொன்னாள்.

"ஒரு நாள் பிசகினாலும் நான் அக்கா வீட்டை போயிடுவன். நீங்கள் மரத்திலை தொங்குங்கோ."

3

குருநகர் ஆட்களுக்கு இது தெரியும். வேறு ஊர் ஆட்களும் வாசிப்பார்கள், அதனால் எழுதுகிறேன். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுத் தொடங்கினால் நாங்கள் வலையையும் வள்ளத்தையும் கொண்டு வடமராட்சிக் கிழக்குக் கரைக்குப் போவோம். அங்கே கரையில் தென்னோலைக் கிடுகால் வாடி என்று ஒரு குடிசை போட்டு இருப்போம். மீனும் அங்கே, படுக்கையும் அங்கே. கரை அரசாங்கத்தின் காணி. அனுமதிக் கடதாசி இல்லாதவன் பதினாலு நாளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று அந்தப் பகுதிக் கிராம அதிகாரி, விதானையார், சொல்வார். சட்டம் எழுதிய கடதாசியை நாங்கள் கண்டதில்லை. விதானையாரும் கண்டிருப்பார் என்று சொல்லமுடியாது.

அவர் கரவெட்டியிலிருந்து சைக்கிளில் வருவார். மணலில் சைக்கிள் ஓடாது. கடைசி அரை மைல் அவர்தான் சைக்கிளைச் சுமப்பார். வேர்த்து விறுவிறுத்து வந்து என் தகப்பன், அப்புவின் முன் நிற்பார்.

"எப்ப வந்தனீங்கள்?"

அப்பு தோளில் கிடந்த துவாயை எடுத்துவிட்டு எழும்புவார். "நேற்று, ஐயா."

"போன கிழமை கேட்கேக்கையும் நேற்று எண்டனி."

"அது போன கிழமையிலை நேற்று, ஐயா."

"உங்கை கருவாடு காஞ்சு கிடக்கு. நேற்றுப் பிடிச்ச மீன் இண்டைக்குக் கருவாடே?"

"வெய்யில் அப்பிடி, ஐயா."

விதானையார் சைவம். மச்சம் தொடமாட்டார். அவருக்குக் கொடுத்து மயக்க எங்களிடம் பிளேன்ரீயும் பனங்கட்டியும்தான் இருந்தன. அதைக் குடிப்பார். பிறகு கண்டிப்பாகச் சொல்வார்.

"பதினாலு நாள் முடிஞ்சுது. வாடியை எழுப்பு."

அப்பு வாடியைத் தாங்கும் நடுக்கப்பைப் பிடுங்குவார். ஒரு முழம் தள்ளி நடுவார். கூரை கொஞ்சம் சரியும். அவ்வளவுதான். விதானையார் புத்தகத்தை எடுத்து, புது வாடி, இன்றைய திகதி என்று எழுதுவார். எழுதிவிட்டுச் சைக்கிளைச் சுமந்துகொண்டு போவார். அந்தக் கரை முழுக்க எல்லோரும் எப்போதும் நேற்று வந்தவர்கள்தான்.

எண்பத்துமூன்றுக்குப் பிறகு கடலுக்குப் போகத் தடை வந்தது. விதானையார் வருவது நின்றுவிட்டது. பிறகு துப்பாக்கியோடு வந்து கரையை விட்டு எழும்பச் சொன்னவர்கள், எப்ப வந்தனீங்கள் என்று கேட்கவில்லை.

4

காட்டில் முதல் வாரம் நல்லது. நான் தறப்பாளை இழுத்துக் கட்டி ஒரு வாடி போட்டேன். மூன்று கல் வைத்து அடுப்பு, அதுதான் குசினி. இங்கே ஏரியில் தூண்டில் போடவும் அனுமதிக் கடதாசி வேண்டும். எடுத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை மீன் என்று அதிலும் எல்லை. அப்பு இருந்திருந்தால் சிரித்திருப்பார். ஏரி மீனுக்கு உப்பு இல்லை, முள் உண்டு. ரெஜினா மிளகாய்த்தூளால் சமாளித்தாள்.

ரெஜினா பண்டத்தரிப்பு. தோட்டம் செய்கிறவரின் மகள். கலியாணம் செய்து நான் அங்கேதான் போயிருந்தேன். நாங்கள் கரையில் நாலு கப்பு நட்டால் வீடு என்போம். அவளுடைய ஆட்களுக்கு முற்றம் கூட்டி, வேலி அடைத்து, வாசலுக்குப் படலை வைத்தால்தான் வீடு.

இரண்டாம் நாளே சுள்ளி கட்டி ஒரு விளக்குமாறு செய்தாள். விடிய எழும்பி இலையும் ஊசிச் சருகும் கூட்டினாள். நாலாம் நாள் கீழே மண் தெரிந்தது. ஒரு கிழமையில் அது முற்றமாகிவிட்டது. பத்தாம் நாள் விழுந்து கிடந்த தடிகளை நட்டுக் கயிற்றால் வரிந்து கட்டத் தொடங்கினாள்.

"உதென்ன?"

"தெரியேல்லையே? வேலி."

"கரடி உன்ரை வேலிக்குப் பயப்பிடுமே?"

"கரடிக்கில்லை, எங்களுக்கு. எது எங்கடை எண்டு தெரியவேணும்."

"ஒண்டும் எங்கடை இல்லை. எல்லாம் இராணியின்ரை."

"இராணி வந்தால் படலையாலை வரட்டும்."

முழங்கால் உயர வேலி. தாண்டிக் கால் வைக்கலாம். ஒரு தரம் நான் வைத்தேன். "ஆடு மாடே நீங்கள்?" என்று கேட்டாள். பிறகு நான் வைக்கவில்லை.

ஜெனிக்குப் பன்னிரண்டு வயது. ஆறு வயதில் இங்கே வந்தவள். அவள் ஒரு மரக்குற்றியில் இருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் காட்டைப் பற்றிப் படிப்பிக்கிறார்களாம். காட்டுக்குப் போனால் போன மாதிரியே விட்டுவிட்டு வரவேண்டுமாம்.

"அம்மா, காட்டை ஆரும் கூட்டுறதில்லை."

"அதுதான் இப்பிடிக் கிடக்கு," என்றாள் ரெஜினா.

கூட்டுவதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. காரணம் இருக்கிறது. எண்பத்தேழில் சண்டை கிட்ட வந்து பண்டத்தரிப்பு வீட்டை விட்டு எழும்ப எங்களுக்குக் கிடைத்தது அரை மணித்தியாலம். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் நின்று கத்துகிறேன். ரெஜினா முற்றத்தைக் கூட்டி முடித்துவிட்டுத்தான் வந்தாள். குப்பையை அள்ளி வாழையடியில் கொட்டினாள். பிறகு வந்தாள். அதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் கதைத்ததில்லை.

5

இருபதாம் நாள் நான் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கினேன். ஒரு முழம் தள்ளி அடித்தேன். தறப்பாளின் நடுக்கப்பையும் அப்படியே.

"என்னப்பா செய்யிறியள்?" என்றாள் ஜெனி.

"வீடு மாறுறன்."

அவள் கூடாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இது ஒரு அடியும் இல்லை."

"ஒரு முழம்."

"காட்டு வாசலிலை பலகையிலை போட்டிருக்கு. நூறு மீற்றர் தள்ளிப் போகவேணும்."

"பலகை கிடக்கட்டும். ஆர் வந்து அளக்கப் போறான்?"

இருபத்துமூன்றாம் நாள் வந்தார். காட்டைக் கண்காணிக்கும் பெண் ஒபிசர். என்னைவிட ஒரு சாண் உயரம். சப்பாத்து முழங்கால் வரை. வாகனத்தைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்து வந்தார். வேலிக்கு வெளியே நின்று முற்றத்தைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். கொடியில் காயும் சேலையைப் பார்த்தார். பிறகு ஜெனி மூலம் கேட்டார். எப்போது வந்தீர்கள்?

எனக்கு அந்த அளவு இங்கிலிஷ் தெரியும். ஜெனியைப் பார்த்துக்கொண்டிராமல் நானே சொன்னேன்.

"யெஸ்ரடே."

ஒபிசர் தலையாட்டினார். சப்பாத்து நுனியால் முற்றத்து மண்ணைத் தட்டினார். அது டொக் டொக் என்றது. நேற்று வந்தவன் காட்டை இப்படிக் கூட்டியிருக்கமுடியாது. விதானையார் என்றால் இந்த இடத்தில் கருவாட்டைப் பற்றிக் கேட்டிருப்பார். நானும் வெய்யிலைப் பற்றிச் சொல்லியிருப்பேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை. ஜெனியிடம் திரும்பினார்.

ஜெனி என்னைப் பார்க்கவில்லை. இருபத்துமூன்று நாள் என்றாள். சரியான கணக்கு. அவளுக்குக் கணக்கு நல்லாக வரும்.

நான் தமிழில் விளங்கப்படுத்தினேன். புது வீட்டுக்காரன் பூட்டின் திறப்பைத் தர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, பழைய இடம் வேறு புது இடம் வேறு, கப்பு மாறிவிட்டது, எங்கள் ஊர் வழக்கம் இது, நாங்கள் இந்தக் காணியைப் பிடிக்க வரவில்லை. பத்து வசனம் இருக்கும். ஜெனி அதைச் சின்ன வசனம் ஒன்றாகச் சொல்லி முடித்தாள்.

"மிச்சம் எங்கை, பிள்ளை?"

"வீட்டுத் திறப்பைச் சொல்லிப்போட்டன். மிச்சம் பொய் அப்பா."

ரெஜினா முதல் தரமாகச் சிரித்தாள். அந்த மாதத்திலேயே முதல் தரம். என் பக்கம் ஒருவரும் இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

ஒபிசர் முடிவு சொன்னார். இன்றைக்கே எழும்பவேண்டும். ஏரிக்கரையோடு நூறு மீற்றர் தள்ளிப் போனால் அது வேறு இடம். அங்கே புதிதாக நாள் எண்ணலாம். ஆனால் இந்த இடம் முதலில் இருந்த மாதிரி வரவேண்டும். வேலி, அடுப்பு, முற்றம், ஒன்றும் தெரியக்கூடாது. நாளைக்கு வந்து பார்ப்பேன். சரியில்லையென்றால் தண்டக் கடதாசி. பிறகு இந்தக் காடு முழுக்க உங்களுக்கு இடமில்லை.

அவர் போன பிறகு ரெஜினா கணக்குப் பார்த்தாள். "அப்ப, நாளைக்குச் சரிவராட்டி அக்கா வீடு."

"ஓம்."

"ஆறு நிமிசம்."

"ஓம்."

6

வேலியைப் பிடுங்குவது சுகம், நேரம் எடுக்கவில்லை. தடி நட்ட கதியால் குழிகளை மண் போட்டு மூடினேன். அடுப்புக் கல்லை ஏரியில் போட்டேன். சாம்பலை ஜெனி அள்ளினாள். நூறு மீற்றரை அவளே அளந்தாள், என் தூண்டில் நைலோனால். நூற்றிருபதில் போய்த்தான் நின்றாள். "எதுக்கும் கிடக்கட்டும்," என்றாள். அந்த ஒரு சொல்லில் அவள் எங்கள் ஆள்.

மிச்சம் முற்றம்.

இருபத்திரண்டு காலை கூட்டிய முற்றம். குப்பை எல்லாம் ஒரு பெரிய மரத்தின் அடியில் குவிந்து கிடந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்து பரப்பவேண்டும். நான் ஒரு பெட்டியில் அள்ளிக் கொண்டுவந்து கவிழ்த்தேன்.

"உப்பிடிக் குவிச்சால் ஒபிசருக்குத் தெரியும்," என்றாள் ரெஜினா. "தள்ளுங்கோ."

கையால் பரப்பினாள். முதலில் ஊசிச் சருகு, மேலே இலை, மேலே சின்னச் சுள்ளி. எது அடியில் கிடந்தது, எது மேலே கிடந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. நான் குப்பையைப் பார்த்திருந்தேன், குப்பை எப்படிக் கிடந்தது என்று பார்த்ததில்லை. விளக்குமாற்றையும் கடைசியில் அவிழ்த்துச் சுள்ளியாக்கி எறிந்தாள்.

"அம்மா, ஏன் அழுறீங்கள்?" என்று ஜெனி கேட்டாள்.

"ஆர் அழுறது? தூசு."

தூசுதான். நிறையத் தூசு.

7

அடுத்த நாள் ஒபிசர் வந்தார். நாங்கள் புது இடத்திலிருந்து நடந்து போனோம். அவர் புத்தகத்தோடு மரங்களுக்கு நடுவே நின்று அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றுப் பார்த்த இடம் எது என்று அவருக்குப் பிடிபடவில்லை. எது என்று காட்டு என்றார். பார்க்காமல் எழுதமாட்டாராம்.

நான் போய் ஓர் இடத்தில் நின்றேன். "இதுதான்."

"இல்லை," என்றாள் ஜெனி. "அந்த மரம்."

"அது இல்லை, இது."

இருவரும் இரண்டு மரத்தைக் காட்டினோம். ஒபிசர் புத்தகத்தை மூடினார். எனக்குப் பயம் வந்தது. இடத்தைக் காட்டமுடியாவிட்டால் சரியாக்கினோம் என்று எப்படிச் சொல்வது? சகலனின் கால் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது.

ரெஜினா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். வெறுங்காலோடு இலைகளுக்குள் நடந்தாள். மெதுவாக, ஒவ்வோர் அடியாக. காட்டு நிலம் மெத்தை மாதிரி. கால் புதையும். அவள் நடந்துபோய் ஓரிடத்தில் நின்றாள். குதிக்காலை அழுத்தினாள்.

"இஞ்சை," என்றாள். "இது குசினி."

ஒபிசர் கிட்டப் போனார். குனிந்து இலையை விலக்காமல் உள்ளங்கையால் அழுத்தினார். மேலே இலை இருந்தது. கீழே நிலம் கல்லாக இருந்தது. அவர் கை அங்கேயே நின்றது. ரெஜினாவின் முகத்தைப் பார்த்தேன். காட்டித் தந்து தானே பிடிபட்டுவிட்டாள். அவளுக்கும் அது விளங்கியிருந்தது.

ஒபிசர் எழும்பி, கையைத் தட்டிக்கொண்டு ஏதோ சொன்னார். அவசரமில்லாமல், ரெஜினாவைப் பார்த்துத்தான் சொன்னார். ஜெனி தமிழில் சொன்னாள். இந்த முறை ஒன்றையும் விடவில்லை.

"மார்கழியிலை நிலம் உறையுமாம். பேந்து உருகேக்கை தானா எழும்பி இளகுமாம். ரெண்டு குளிருக்குப் பிறகு ஆருக்கும் தெரியாதாம். அது குளிரின்ரை வேலையாம், எங்கடை வேலை முடிஞ்சுதாம்."

ஒபிசர் புத்தகத்தைத் திறந்து எழுதினார். கடதாசியைக் கிழித்து ஜெனியிடம் கொடுத்தார். ஜெனி வாசித்துப் பார்த்து, சரி என்று எனக்குத் தலையாட்டினாள். அண்ணை, ஊராருக்கு இதைச் சொல்லும். தண்டம் இல்லை. சகலன் வீட்டுக்கும் போகவில்லை. ஏரிக்கரையில் புது இடத்தில் எட்டு நாள் சட்டப்படி இருந்துவிட்டு, முதலாம் திகதி திறப்பு வாங்கினோம். இப்போது ஏழாம் மாடி.

ஆனால் அன்றைக்கு, ஒபிசர் போன பிறகு, நாங்கள் திரும்பி நடக்கத் தொடங்கினோம். ரெஜினா வரவில்லை. செருப்பு கையில். அந்த இடத்திலேயே நின்றாள்.

"வாவன்," என்றேன்.

"நீங்கள் நடவுங்கோ. நான் வாறன்."

ஜெனி அவளைக் கூப்பிடத் திரும்பினாள். நான் பிள்ளையின் கையைப் பிடித்தேன். நாங்கள் நடந்தோம்.